சர்வர்ல டிஸ்க் மாட்ட எந்த கன்ட்ரோலர் கார்டு வாங்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்லயோ சின்ன ஆபீஸ்லயோ ட்ரூநாஸ் (ஸ்டோரேஜுக்கான ஓஎஸ்), ப்ராக்ஸ்மாக்ஸ் (விர்ச்சுவல் மெஷின் ஓட்டற ஓஎஸ்), இல்ல வெறும் டெபியன் லினக்ஸ் போட்டு ஒரு ஸ்டோரேஜ் சர்வர் கட்டுறவங்க இந்தக் கேள்விகளை திரும்பத் திரும்ப கேக்கறாங்க, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சுடறேன். ஆறு டிஸ்க்ல இருந்து ஒரு இருபத்தஞ்சு டிஸ்க் வரைக்கும், ஃபைல்சிஸ்டம் பெரும்பாலும் இசட்எஃப்எஸ் (டிஸ்க்குகளை ஒரே பூலா சேர்த்து, டேட்டா கெட்டா தானே கண்டுபிடிச்சு சரிபண்ற வகை), இந்த மாதிரி செட்டப்பை மனசுல வச்சுதான் பதில் எல்லாம். பெரிய டேட்டா சென்டர் கதை வேற.

கார்டே வேணுமா? மதர்போர்டுல சாட்டா போர்ட் இருக்கே?

இருந்தா அதையே யூஸ் பண்ணுங்க. இன்டெல் சிப்செட், ஏஎம்டி சிப்செட் ரெண்டுலயும் வர்ற சாட்டா போர்ட் நல்ல தரமானது, இசட்எஃப்எஸ்-க்கு ஒரு குறையும் இல்ல. நாலு டிஸ்க், ஆறு டிஸ்க்தான்னா கார்டு வாங்கறது வீண் செலவு, கரண்ட் பில்லும் ஏறும். ஒண்ணு மட்டும் மதர்போர்டு மேனுவல்ல பாத்துக்கோங்க, நிறைய போர்டுல எம்.2 ஸ்லாட்ல எஸ்எஸ்டி மாட்டினா ஒண்ணு ரெண்டு சாட்டா போர்ட் தானா ஆஃப் ஆயிடும். டிஸ்க் செத்துப்போச்சுன்னு நினைச்சு தேடுவீங்க, அங்க போர்ட்தான் ஆஃப் ஆகி இருக்கும்.

கார்டு வேணும்னு முடிவு பண்ண வேண்டிய நேரம் மூணு: போர்ட் பத்தல, இல்ல சாஸ் டிஸ்க் கையில இருக்கு (சர்வர்ல வர்ற டிஸ்க் வகை, அது சாட்டா போர்ட்ல மாட்டவே மாட்டாது), இல்ல விர்ச்சுவல் மெஷினுக்குள்ள ட்ரூநாஸ் ஓட்டி டிஸ்க் எல்லாத்தையும் மொத்தமா அதுக்கு குடுக்கணும்.

ரெய்டு கார்டு வாங்கினா என்ன? விலை கூட, அப்ப அதுதானே பெட்டர்?

இல்லைங்க. இந்தப் பக்கத்துல ஒண்ணே ஒண்ணு படிச்சுட்டு போறீங்கன்னா அது இதுவா இருக்கட்டும், இசட்எஃப்எஸ் ஓட்டப் போறீங்கன்னா கார்டு டிஸ்க்கை மறைக்கக் கூடாது.

ரெய்டு கார்டு என்ன பண்ணும்னா, எட்டு டிஸ்க்கை தான் வாங்கி வச்சுக்கிட்டு ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு ஒரே ஒரு பெரிய டிஸ்க் மாதிரி காட்டும். அதுக்கு மேல இசட்எஃப்எஸ் போட்டா, செக்சம் (டேட்டா சரியான்னு பாக்கற எண்) தப்பா இருக்குன்னு அதால கண்டுபிடிக்க முடியும், ஆனா சரிபண்ண முடியாது, ஏன்னா இன்னொரு நல்ல காப்பி எந்த டிஸ்க்ல இருக்குன்னு அதுக்கு தெரியாது, அந்த விஷயம் கார்டுக்குள்ள இருக்கு. ஸ்மார்ட் தகவலும் (டிஸ்க் தன்னோட நிலைமையை தானே சொல்றது) நேரா வராது, அதனால ஒரு டிஸ்க் மெதுவா சாகறது உங்களுக்கு லேட்டாதான் தெரியும். கார்டுல கேஷ் இருக்கும், "எழுதிட்டேன்"னு சொல்லும், உண்மையில அது கார்டோட மெமரியில கிடக்கும், அந்த நேரம் கரண்ட் போய் பேட்டரியும் செத்திருந்தா அவ்வளவுதான்.

அதை விட மோசம், கார்டு செத்தா அதே குடும்பத்து கார்டை தேடி அலையணும். டிஸ்க் எல்லாம் நல்லா இருக்கும், டேட்டாவும் இருக்கும், ஆனா படிக்க வழி இருக்காது.

ஆனா ரெய்டு கார்டே குப்பைன்னு நான் சொல்ல வரல. இஎஸ்எக்ஸ்ஐ-ல (விஎம்வேரோட விர்ச்சுவல் மெஷின் சிஸ்டம்) லோக்கல் டிஸ்க்கை வச்சு டேட்டாஸ்டோர் போடறவங்களுக்கு, அதுல சாஃப்ட்வேர் ரெய்டு கிடையாதுங்கறதால, பேட்டரியோ கேஷ்வால்ட்டோ (கரண்ட் போனா கேஷ்ல இருக்கறதை காப்பாத்தற வசதி) சேர்ந்து வர்ற நல்ல மெகாரெய்டு கார்டு நியாயமான வழிதான். இங்க பேசறது இசட்எஃப்எஸ், எம்டிரெய்டு, அன்ரெய்டு மாதிரி சாஃப்ட்வேர் ரெய்டு வேலையை தானே பாத்துக்கற இடம் பத்தி.

அப்ப என்னதான் வாங்கணும்? எச்பிஏ-ன்னா என்ன?

ஹோஸ்ட் பஸ் அடாப்டர். டிஸ்க்கை அப்படியே ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கிட்ட குடுத்துட்டு ஒதுங்கிக்கற கார்டு. எல்எஸ்ஐ-ங்கற கம்பெனியோட சிப் போட்ட கார்டைத்தான் எல்லாரும் சொல்லுவாங்க, அதுக்கு காரணம் இருக்கு: லினக்ஸ்ல எம்பிடி3சாஸ் டிரைவர், ஃப்ரீபிஎஸ்டி-ல எம்பிஎஸ், எம்பிஆர் டிரைவர், எல்லாம் வருஷக்கணக்கா பெரிய பெரிய இடத்துல ஓடி தேய்ஞ்சு சரியானது. எல்எஸ்ஐ-யை 2014-ல அவாகோ வாங்குச்சு, அந்த அவாகோ 2016-ல பிராட்காமை வாங்கி அந்தப் பேரையே வச்சுக்கிச்சு, அதனால ஒரே கார்டு மூணு பேர்ல கிடைக்கும், குழம்பாதீங்க.

சிப் நம்பர் எல்லாம் தலை சுத்துது. எது எதுக்கு?

கார்டு பேரை விட சிப் பேரைப் பாருங்க, அப்ப ஈஸி.

சாஸ்1068இ, அதாவது பழைய 3 ஜிகாபிட் காலத்து சிப். சும்மா குடுத்தாலும் வேணாம். 2 டிபி-க்கு மேல டிஸ்க்கை அது முழுசா பாக்காது.

சாஸ்2008. 9211-8ஐ, ஐபிஎம் எம்1015, டெல் எச்200, எச்310 எல்லாம் இந்த சிப்தான். பிசிஐஇ 2.0 (கார்டு மாட்டற ஸ்லாட்டோட தலைமுறை), எட்டு லேன் (டேட்டா போற பாதை), எட்டு டிஸ்க். ஹார்டு டிஸ்க்குக்கு இன்னைக்கும் போதும். கணக்கு போட்டுப் பாருங்க, ஒரு லேனுக்கு செகண்டுக்கு 500 எம்பி, எட்டு லேனுக்கு 4 ஜிபி, ஒரு ஹார்டு டிஸ்க் வேகமான வெளி டிராக்குல கூட சுமார் 250 எம்பி, எட்டு டிஸ்க் சேர்ந்து 2 ஜிபி. பாதி காலியா கிடக்கு. எட்டு சாட்டா எஸ்எஸ்டி போட்டா மட்டும்தான் முட்டும்.

சாஸ்2308. 9207-8ஐ, எச்பி எச்220. மேல சொன்னதே, ஆனா பிசிஐஇ 3.0. நிறைய நேரம் ஐடி ஃபர்ம்வேரோடயே (என்னன்னு கீழ சொல்றேன்) வரும், ஃபிளாஷ் பண்ற தலைவலி குறைவு. விலை வித்தியாசம் பெருசா இல்லன்னா 9211-ஐ விட இதைத்தான் எடுக்க சொல்லுவேன்.

சாஸ்3008. 9300-8ஐ, டெல் எச்பிஏ330. 12 ஜிகாபிட். இன்னைக்கு புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு என்னோட முதல் சாய்ஸ் இதுதான், செகண்ட் ஹேண்ட்ல தாராளமா கிடைக்குது, டிரைவர் சப்போர்ட் இன்னும் பல வருஷம் ஓடும். சூடு மட்டும் கொஞ்சம் அதிகம், சுமார் 13 வாட்.

9300-16ஐ-ன்னு ஒண்ணு ரொம்ப சீப்பா தெரியும். அது ஒரே போர்டுல ரெண்டு சாஸ்3008 சிப், நடுவுல ஒரு பிசிஐஇ ஸ்விட்ச், தனியா 6 பின் பவர் கேபிள் வேற கேக்கும். அடுப்பு மாதிரி கொதிக்கும். பதினாறு போர்ட் வேணும்னா ஒரே சிப் போட்ட 9305-16ஐ தேடுங்க, இல்ல 8ஐ கார்டும் எக்ஸ்பாண்டரும் (ஒரு போர்ட்டை பல டிஸ்க்குக்கு பிரிச்சு குடுக்கற போர்டு) போடுங்க.

9400, 9500 வரிசை ட்ரைமோட், சாஸ், சாட்டா, என்விஎம்இ மூணும் ஒரே கார்டுல. 9500 பிசிஐஇ 4.0, 9300-ஐ விட குறைவா சூடாகும், நல்ல கார்டுதான், காசு இருந்தா வாங்குங்க. ஆனா என்விஎம்இ மாட்டலாம்ங்கற ஒரே காரணத்துக்காக வாங்காதீங்க, என்விஎம்இ-யை நேரா பிசிஐஇ லேன்ல மாட்டறதுதான் வேகம், நடுவுல ஒரு கன்ட்ரோலர் எதுக்கு.

ஐடி மோட், ஐஆர் மோட் என்ன வித்தியாசம்?

ரெண்டும் ஃபர்ம்வேர் வகை. ஐஆர்-ல சின்ன ரெய்டு வசதி இருக்கும், ஐடி-ல ஒண்ணும் இருக்காது, டிஸ்க்கை அப்படியே குடுக்கும். நமக்கு ஐடி. விளம்பரத்துல "ஐடி மோட் ஃபிளாஷ் செய்தது"ன்னு போட்டு விக்கறாங்க, கொஞ்சம் கூட குடுத்து அதை வாங்கறது நல்லது, குறிப்பா முதல் தடவைன்னா.

நானே ஃபிளாஷ் பண்ணலாமா?

தாராளமா பண்ணலாம், அவசரப்படாம பண்ணணும். 9211 மாதிரி கார்டுக்கு முறை இது.

முதல்ல கார்டுக்கு பின்னாடி ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல சாஸ் அட்ரஸ் இருக்கும், 500605பி-ன்னு ஆரம்பிக்கற பதினாறு எழுத்து, அதை பேப்பர்ல எழுதுங்க, ஒரு போட்டோவும் எடுங்க. கேஸுக்குள்ள மாட்டினதுக்கு அப்புறம் அந்த ஸ்டிக்கர் கண்ணுக்கு தெரியாது, ஃபிளாஷ் பண்ணும்போது அது கண்டிப்பா தேவைப்படும். டிஸ்க் எல்லாத்தையும் கழட்டிடுங்க. ஒரு பென் டிரைவ்ல யுஇஎஃப்ஐ ஷெல் (ஓஎஸ் இல்லாமலே கமாண்ட் குடுக்கற இடம்), சாஸ்2ஃபிளாஷ் டூல், ஃபர்ம்வேர் ஃபைல் மூணையும் போட்டு பூட் பண்ணுங்க. டாஸ்-ல இருந்து பண்ணாதீங்க, புது மதர்போர்டுல "ஃபெயில்ட் டு இனிஷியலைஸ் பிஏஎல்"னு எரர் அடிச்சு நிக்கும், நிறைய பேர் அங்கதான் கார்டு போச்சுன்னு பயந்துடறாங்க, கார்டுக்கு ஒண்ணும் ஆகல, யுஇஎஃப்ஐ ஷெல்லுக்கு வந்தா அதே கார்டு ஒழுங்கா பேசும்.

அடுத்து லிஸ்ட் கமாண்ட் குடுத்து கார்டு தெரியுதா, இப்ப என்ன வெர்ஷன்னு பாருங்க. அப்புறம் பழைய ஃபர்ம்வேரை அழிச்சுட்டு புதுசை எழுதணும், அழிச்சதுக்கும் எழுதறதுக்கும் நடுவுல ரீபூட் பண்ணவே கூடாது, கரண்டும் போகக் கூடாது, அதனால யுபிஎஸ்-ல வச்சு பண்ணுங்க. எழுதி முடிச்சு சாஸ் அட்ரஸை திரும்ப போட்டா வேலை முடிஞ்சது. எம்1015, எச்310 ரெண்டும் மெகாரெய்டு குடும்பத்து கார்டு, அதுக்கு முன்னாடியே மெகாரெக் டூலை வச்சு எஸ்பிஆர் பகுதியையும் (கார்டோட அடையாளம் இருக்கற சின்ன மெமரி) அழிக்கணும், ஒரு படி கூட. டெல் சர்வருக்குள்ள தனி ஸ்லாட்ல உக்காந்திருக்கற மினி வகை எச்310-க்கு முறையே வேற, சாதா கார்டோட முறையை அதுல பண்ணாதீங்க.

வெர்ஷன் என்னன்னு கேட்டா, சாஸ்2 சிப்புக்கு 20.00.07.00. பி20-ன்னு மட்டும் பாத்துட்டு விட்டுடாதீங்க, பி20-ஓட ஆரம்ப வெர்ஷன்ல டேட்டா எரர் வர்ற பிரச்சனை இருந்துச்சு, கடைசி ரெண்டு நம்பர் முக்கியம். சாஸ்3008-க்கு 16.00.12.00.

பூட் பயாஸ் ஃபைலை எழுதாம விட்டுடலாம், அந்த கார்டுல இருக்கற டிஸ்க்ல இருந்து பூட் பண்ணலன்னா அது தேவையே இல்ல, சர்வர் சீக்கிரமா மேல வரும்.

கார்டை மாட்டினா கம்ப்யூட்டர் ஆன் ஆகவே மாட்டேங்குது, இல்ல பாதி ரேம்தான் தெரியுது?

எச்310, எம்1015 மாதிரி சர்வர் கம்பெனி கார்டை சாதா மதர்போர்டுல மாட்டும்போது வர்ற பிரச்சனை. கார்டோட எஸ்எம்பஸ் லைன் (சிப்புகள் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கற சின்ன வழி) மதர்போர்டோட எஸ்எம்பஸ்-ஓட மோதுது. கார்டோட தங்கக் கலர் விரல்கள்ல பி5, பி6-ன்னு ரெண்டு பின் இருக்கு, சிப் இருக்கற பக்கத்துல, இரும்பு பிராக்கெட் இருக்கற முனையில இருந்து எண்ணினா அஞ்சாவதும் ஆறாவதும். அது ரெண்டை மட்டும் மெல்லிய கேப்டன் டேப் (சூடு தாங்கற, கரண்ட் கடத்தாத டேப்) துண்டு வச்சு மூடுங்க. டேப் பக்கத்து பின் மேல ஏறாம கத்தரிக்கோலால நறுக்கி ஒட்டணும், ஸ்லாட்ல நேரா இறக்கணும், சாய்ச்சு இறக்கினா டேப் மடங்கிடும். இதுக்கப்புறம் பெரும்பாலும் ஆன் ஆயிடும்.

எந்த ஸ்லாட்ல மாட்டணும்?

நீளத்தைப் பாக்காதீங்க, லேனைப் பாருங்க. பதினாறு நீளம் இருக்கற ரெண்டாவது ஸ்லாட் உள்ள நாலு லேன்தான் இருக்கும், அதுவும் சிப்செட் வழியா வரும். எட்டு ஹார்டு டிஸ்க்குக்கு பிசிஐஇ 3.0 நாலு லேன் கூட போதும், சுமார் 3.9 ஜிபி. ஆனா 9211-ஐ நாலு லேன்ல போட்டா 2 ஜிபி-தான், அது சரியா விளிம்புல நிக்கும். மாட்டினதுக்கு அப்புறம் எல்எஸ்பிசிஐ கமாண்டை டபுள் வி-ஓட குடுத்து லிங்க் ஸ்டேட்டஸ் வரியைப் பாருங்க, எட்டு லேன் கார்டு ஒரு லேன்ல ஓடிட்டு இருந்தா அங்க தெரிஞ்சுடும், பெரும்பாலும் கார்டு சரியா உக்காரலன்னு அர்த்தம்.

கேபிள் எது? ஆன்லைன்ல ஒரே மாதிரி தெரியுது.

இதுலதான் நிறைய பேர் காசு விடறாங்க. 9211, 9207-ல இருக்கற போர்ட் எஸ்எஃப்எஃப்-8087. 9300, 9400-ல எஸ்எஃப்எஃப்-8643. 9500-ல எஸ்எஃப்எஃப்-8654. ஒரு போர்ட்ல இருந்து நாலு டிஸ்க், 9500-ல மட்டும் எட்டு.

கார்டுல இருந்து நாலு சாட்டா டிஸ்க்குக்கு போறது "ஃபார்வர்ட் பிரேக்அவுட்". மதர்போர்டோட நாலு சாட்டா போர்ட்ல இருந்து பேக்பிளேனுக்கு (டிஸ்க்கை வரிசையா சொருகற போர்டு) போறது "ரிவர்ஸ்". ரெண்டும் பாக்க அச்சு அசல் ஒண்ணு, உள்ள வயரிங் வேற, தப்பானதை மாட்டினா எதுவும் எரியாது, ஆனா ஒரு டிஸ்க்கும் தெரியாது. கார்டு கெட்டுப்போச்சுன்னு திருப்பி அனுப்பறதுக்கு முன்னாடி கேபிள் பாக்கெட்ல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க.

கேபிள் மோசமா இருந்தா ஸ்மார்ட் பட்டியல்ல 199-வது வரி, யுடிஎம்ஏ சிஆர்சி எரர் கவுண்ட், ஏறிக்கிட்டே போகும். அந்த நம்பர் ஏறுச்சுன்னா டிஸ்க்கை தூக்கி எறியாதீங்க, முதல்ல கேபிளை மாத்துங்க. ஏறின நம்பர் திரும்ப குறையாது, ஆனா மாத்தினதுக்கப்புறம் நின்னுடும்.

பவர் கேபிளையும் சேர்த்து சொல்லிடறேன், மோலெக்ஸ்ல இருந்து சாட்டா பவருக்கு மாத்தற சீப் கனெக்டர்ல பிளாஸ்டிக்கை ஒரே வார்ப்பா ஊத்தி செஞ்ச வகை இருக்கு, அது உள்ளுக்குள்ள ஷார்ட் ஆகி தீப்பிடிச்ச கேஸ் நிறைய இருக்கு. வயரை ஒவ்வொண்ணா கிரிம்ப் பண்ணி செஞ்ச வகையை வாங்குங்க. 3.5 இன்ச் டிஸ்க் சுத்த ஆரம்பிக்கும்போது 12 வோல்ட்ல சுமார் 2 ஆம்பியர் இழுக்கும், எட்டு டிஸ்க்னா ஆன் பண்ற அந்த சில செகண்ட்ல மட்டும் கிட்டத்தட்ட 190 வாட், எஸ்எம்பிஎஸ் அதுக்கு தாங்கணும்.

கார்டுக்கு ஃபேன் வேணுமா?

வேணும். இதுல விவாதமே இல்ல. இந்த கார்டு எல்லாம் ரேக் சர்வருக்காக செஞ்சது, நிமிஷத்துக்கு 200 அடி வேகத்துல காத்து ஹீட்சிங்க் மேல ஓடணும்னு கம்பெனியே ஸ்பெக்ல எழுதியிருக்கு. நம்ம டவர் கேஸ்ல கார்டு இருக்கற மூலையில காத்தே அசையாது, அதுவும் மே மாசம் சென்னையில ஏசி இல்லாத ரூம்னா உள்ள போற காத்தே 38, 40 டிகிரி. சூடான கார்டு உடனே சாகாது, அதுதான் ஆபத்து, ராத்திரி ஸ்க்ரப் (எல்லா டேட்டாவையும் படிச்சு சரிபாக்கற வேலை) ஓடும்போது சம்பந்தமே இல்லாத மூணு நாலு டிஸ்க்ல ஒரே நேரத்துல எரர் காட்டும், நீங்க டிஸ்க்கை சந்தேகப்படுவீங்க. பல டிஸ்க்ல ஒரே சமயம் எரர்னா கார்டு, கேபிள், பவர் இந்த மூணுல ஒண்ணுதான்னு முதல்ல நினைங்க.

ஒரு 40 எம்எம் ஃபேனை ஹீட்சிங்க் துடுப்பு இடுக்குல ஸ்க்ரூ வச்சு நேரா மாட்டலாம், இல்ல பக்கத்து ஸ்லாட்ல பெரிய ஃபேனை நிறுத்தி கார்டு பக்கம் ஊத விடலாம். பழைய கார்டுன்னா ஹீட்சிங்கை கழட்டி, காஞ்சு கல்லாகிப்போன தெர்மல் பேஸ்ட்டை துடைச்சுட்டு புதுசு போடுங்க. 9300-ல ஸ்டோர்சிஎல்ஐ டூல்ல டெம்பரேச்சர் பாக்கலாம், 9211-ல அந்த சென்சாரே இல்ல, கையை வச்சுதான் தெரிஞ்சுக்கணும்.

இவ்ளோ கஷ்டம் எதுக்கு, சீப்பா ஒரு சாட்டா கார்டு போதாதா?

சில சமயம் போதும், சிப்பைப் பொறுத்தது. ஏஎஸ்எம்1166 (ஆறு போர்ட்), ஜேஎம்பி585 (அஞ்சு போர்ட்) ரெண்டும் பிசிஐஇ 3.0 ரெண்டு லேன், ஹார்டு டிஸ்க்குக்கு நல்லாவே ஓடும், நிறைய பேர் நிம்மதியா ஓட்டறாங்க. கரண்ட் மிச்சம் பண்ணணும்னா ஏஎஸ்எம்1166-தான் சரி, ஏன்னா பழைய எல்எஸ்ஐ கார்டு இருந்தா சிபியு ஆழ்ந்த தூக்க நிலைக்கு பெரும்பாலும் போகாது, 24 மணி நேரமும் ஓடற மெஷின்ல அது பில்லுல தெரியும்.

வாங்கக் கூடாதது எதுன்னா, ஒரே ஒரு லேன் கனெக்டர்ல பத்து, பதினாறு, இருபது போர்ட் வச்சு விக்கற கார்டு. உள்ள ஒரு சின்ன கன்ட்ரோலரும் அதுக்கு கீழ போர்ட் மல்டிப்ளையர் சிப்பும் (ஒரு சாட்டா போர்ட்டை பலதா பிரிக்கறது) இருக்கும், ஒரு டிஸ்க் தடுமாறினா அந்த மல்டிப்ளையர்ல இருக்கற எல்லா டிஸ்க்கும் சேர்ந்து விழும். பூல் மொத்தமா ஆஃப்லைன் போயிடும். மார்வெல் 88எஸ்இ9230 சிப்பும் ஐஓஎம்எம்யு (கார்டை நேரா விர்ச்சுவல் மெஷினுக்கு குடுக்க தேவையான வசதி) ஆன் பண்ணினா தகராறு பண்றது ரொம்ப நாளா தெரிஞ்ச விஷயம், ப்ராக்ஸ்மாக்ஸ் ஓட்டறவங்க கிட்டயே போகாதீங்க.

ப்ராக்ஸ்மாக்ஸ்க்குள்ள ட்ரூநாஸ் ஓட்டினா?

டிஸ்க்கை ஒவ்வொண்ணா விர்ச்சுவலா குடுக்காம எச்பிஏ-யை மொத்தமா பாஸ்த்ரூ பண்ணுங்க, அதாவது கார்டையே நேரா அந்த விர்ச்சுவல் மெஷினுக்கு குடுத்துடுங்க. கார்டு தனி ஐஓஎம்எம்யு குரூப்ல இருக்கான்னு முதல்ல பாருங்க. ப்ராக்ஸ்மாக்ஸ் பூட் ஆகற டிஸ்க் அந்த கார்டுல இருக்கக் கூடாது, பாஸ்த்ரூ பண்ணின நொடியே ஹோஸ்ட்டுக்கு தன்னோட டிஸ்க் காணாம போயிடும்.

எட்டு டிஸ்க்குக்கு மேல போகணும்னா இன்னொரு கார்டா?

ஸ்லாட் இருந்தா இன்னொரு கார்டு போடலாம், இல்லன்னா சாஸ் எக்ஸ்பாண்டர். கார்டோட ஒரு போர்ட்டை அதுல குடுத்தா அது இருபது டிஸ்க்குக்கு பிரிச்சு குடுக்கும். இன்டெல்லோட ஆர்இஎஸ்2எஸ்வி240 நல்ல உதாரணம், 24 போர்ட், பிசிஐஇ ஸ்லாட்ல இருந்து பவர் மட்டும்தான் எடுக்கும், மோலெக்ஸ்லயும் ஓடும். இது போர்ட் மல்டிப்ளையர் மாதிரி இல்ல, சாஸ் ஸ்டாண்டர்டுக்குள்ளயே ஒழுங்கா வடிவமைச்சது. நாலு லேன் 6 ஜிகாபிட்னா சுமார் 2.2 ஜிபி எல்லா டிஸ்க்கும் பங்கு போட்டுக்கும், ஹார்டு டிஸ்க்குக்கு அது பெரிய குறை இல்ல.

சாட்டா எஸ்எஸ்டி-யை எச்பிஏ-ல மாட்டலாமா?

மாட்டலாம், ஆனா ட்ரிம் (அழிச்ச இடம் எதுன்னு எஸ்எஸ்டி-க்கு சொல்ற கமாண்ட்) எல்லா எஸ்எஸ்டி-க்கும் போகாது, ட்ரிம் பண்ணின இடத்தைப் படிச்சா பூஜ்யம்தான் வரும்னு உறுதி சொல்ற மாடலுக்குத்தான் எல்எஸ்ஐ கார்டு ட்ரிமை அனுப்பும். ரெண்டு மூணு எஸ்எஸ்டி-ன்னா மதர்போர்டு போர்ட்ல மாட்டிட்டு ஹார்டு டிஸ்க்கை கார்டுக்கு தள்ளுங்க.

சீப்பா செகண்ட் ஹேண்ட் சாஸ் டிஸ்க் கிடைக்குது, வாங்கலாமா?

எச்பிஏ இருந்தா வாங்கலாம். பெரிய ஸ்டோரேஜ் பெட்டியில இருந்து கழட்டினதா இருந்தா செக்டர் 520 பைட்டா இருக்கும், லினக்ஸ்ல பூஜ்ய சைஸ் காட்டும். எஸ்ஜி ஃபார்மேட் டூல்ல 512-க்கு மாத்தினா சரியாயிடும், பெரிய டிஸ்க்குக்கு பல மணி நேரம் ஓடும், நடுவுல நிறுத்தாதீங்க.

எந்த ஓஎஸ்-லயும் ஓடுமா?

டெபியன், ப்ராக்ஸ்மாக்ஸ், ட்ரூநாஸ் எல்லாத்துலயும் மாட்டினதும் தெரியும். ரெட்ஹேட் மட்டும் ஆர்எச்இஎல் 8-ல சாஸ்2008-ஐ டிரைவர் லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டாங்க, இஎல்ரெப்போ டிரைவர் போட்டாத்தான் வரும். அந்தப் பக்கம் போறவங்க 9300-ஏ வாங்குங்க.

ஸ்பேர் கார்டு ஒண்ணு வாங்கி வைக்கணுமா?

கட்டாயம் இல்ல. எச்பிஏ டிஸ்க் மேல தன்னோட அடையாளம் எதையும் எழுதறதில்ல, அதனால கார்டு செத்தா வேற சிப் போட்ட எச்பிஏ, இல்ல மதர்போர்டு சாட்டா, எதுல வேணா டிஸ்க்கை எந்த வரிசையில வேணா மாட்டி பூலை இம்போர்ட் பண்ணிக்கலாம், சாஸ் டிஸ்க்குக்கு மட்டும் எச்பிஏ-தான் வேணும். ஆபீஸ்ல வேலை நிக்கக் கூடாதுன்னா ஒண்ணு வாங்குங்க, வாங்கினதை பாக்கெட் பிரிக்காம வைக்காதீங்க, ஃபர்ம்வேரை ஏத்தி, டிஸ்க் மாட்டி ஒரு ஸ்க்ரப் ஓட்டிப் பாத்துட்டு, எந்த வெர்ஷன்னு ஒரு சீட்டுல எழுதி ஒட்டி, கூடவே சரியான கேபிள் ஒண்ணையும் வச்சு பேக் பண்ணுங்க.